தன்னந்தனியாய் உலகைச் சுற்றிய மாலுமி

உலகைச் சுற்றி வந்த மாலுமி யார் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் மெகல்லன் என்றுதான் விடை சொல்வோம். பள்ளிப் பாடநூல் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது. மெகல்லனோ அந்தச் சுற்றை முடிக்கவில்லை. 1521ஆம் ஆண்டு பிலிப்பைன் தீவுகளில் கொல்லப்பட்டார். அவருடன் புறப்பட்டவை ஐந்து கப்பல்கள். ஆட்கள் இருநூறுக்கும் மேல். நான் இங்கே எழுத முற்படுவது, ஒரே ஒரு சிறு படகில், பேச்சுத் துணைக்கு ஒருவரும் இன்றி, உலகத்தை முழுவதுமாகச் சுற்றி வந்த முதல் மனிதரைப் பற்றி. அவர் பெயர் ஜோஷுவா ஸ்லோக்கம். புறப்பட்டபோது அவருக்கு வயது 51. அவருக்கு நீந்தத் தெரியாது. பத்து வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

கணிதம் பயிலும் மாணவனாகிய என்னை முதலில் பிடித்து நிறுத்தியது அந்தக் கடைசிச் செய்திதான். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

கனடா நாட்டின் கீழ்க்கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு நிலப்பகுதி இருக்கிறது. அங்கே 1844 பிப்ரவரி 20ஆம் நாள் ஸ்லோக்கம் பிறந்தார். உடன்பிறந்தோரையும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். விளைச்சல் கைகொடுக்காமல் தந்தையார் குடும்பத்தோடு பிரையர் தீவுக்குப் பெயர்ந்து, மீனவர்களுக்கான தோல் பூட்சு தைக்கும் பட்டறை வைத்தார். பத்து வயதுச் சிறுவனுக்குப் பள்ளி முடிந்தது, பட்டறை தொடங்கியது. வெளியே கடல், உள்ளே தோல் நாற்றம். சிறுவன் யாருக்கும் தெரியாமல் நிலவறையில் உட்கார்ந்து ஒரு சிறு கப்பல் உருவத்தைச் செதுக்கி வந்தான். ஒரு நாள் தந்தை அதைப் பார்த்துவிட்டார்; கோபத்தில் அடித்து நொறுக்கினார். பதினாலு வயதில் மகன் ஒரு மீன்பிடிக் கப்பலுக்குச் சமையற்காரனாக ஓடிப்போனான், திரும்பி வந்தான். 1860இல் தாயார் இறந்தார். பதினாறு வயதுப் பையனுக்கு அதன் பிறகு அந்த வீட்டில் தங்க ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிந்தைய இருபத்தைந்து ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். சாதாரணக் கூலி மாலுமியாகச் சேர்ந்தவர், கப்பலிலேயே கணக்கும் வானநூலும் தானாகப் படித்துத் தேர்வெழுதி, பதினெட்டு வயதிலேயே இரண்டாம் மேட் என்ற தகுதி பெற்றார். அமெரிக்கக் குடிமகனானார். 1869இல் கப்பல் தலைவரானார். 1871இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வர்ஜீனியா வாக்கர் என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மையார் கரையில் குடித்தனம் நடத்தவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கணவரோடு கப்பலிலேயே வாழ்ந்தார். ஏழு குழந்தைகள், எல்லாரும் கடலிலோ அயல்நாட்டுத் துறைமுகங்களிலோ பிறந்தவர்கள். மூவர் சிறு வயதிலேயே இறந்தனர்.

ஸ்லோக்கம் மென்மையான மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. தம்மிடம் வேலை செய்த ஓர் ஆளை நெடுநாள் விலங்கிட்டு அடைத்து வைத்ததற்காக நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. பின்னொரு முறை கப்பலில் கலகம் செய்தவர்களைச் சுட்டதில் ஒருவர் இறந்தார்; தற்காப்பு என்று விடுதலை கிடைத்தது. அக்காலத்துக் கப்பல் வாழ்க்கை அப்படிப்பட்டது என்று சிலர் கூறுவர். அப்படிப்பட்டதாக இருந்தாலும் அது கொடியதுதான்.

1884இல் தென்னமெரிக்காவின் புவனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் வர்ஜீனியா நோயுற்று இறந்தார். வயது 34. அன்றிலிருந்து அவர் கைவைத்தவை எல்லாம் சரியத் தொடங்கின. 1886இல் ஹெட்டி என்ற உறவுப் பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். 1887இல் அவருடைய சொந்தக் கப்பலான அக்விட்னெக் பிரேசில் நாட்டுக் கரையில் மணல்திட்டில் மோதி உடைந்தது. கப்பலுக்குக் காப்புறுதி இல்லை. கையில் காசும் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? உடைந்த கப்பலின் மரத்தையும் காட்டு மரத்தையும் கொண்டு 35 அடி நீளத்தில் ஒரு படகு கட்டினார். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட 1888 மே 13ஆம் நாளன்று அது நீரில் இறங்கியதால், விடுதலை என்னும் பொருள்படும் லிபர்தாதே என்று அதற்குப் பெயரிட்டார். மனைவியையும் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு 5,500 மைல் கடந்து அமெரிக்கா வந்து சேர்ந்தார். கரை இறங்கிய ஹெட்டி அம்மையார் அதன் பிறகு அவருடன் கடலில் போகவே இல்லை. யார் அவரைக் குறை சொல்ல முடியும்?

இப்போது கரையில் வேறொரு பேரிடி காத்திருந்தது. உலகம் நீராவிக் கப்பலுக்கு மாறிவிட்டது. பாய் விரித்துக் காற்றை நம்பி ஓடும் கப்பல்களுக்குச் சரக்கு கிடைக்கவில்லை. காற்றின் மணத்தைக் கொண்டே அடுத்த நாள் புயலைச் சொல்லத் தெரிந்த மனிதருக்கு, நீராவிக் கப்பலில் வேலை இல்லை. அவருக்கு அதில் விருப்பமும் இல்லை. கப்பல் கட்டும் துறையில் கூலி வேலைக்குப் போனார்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல நண்பர்கள் அனுமதிக்க வேண்டும். என் தந்தையார் தச்சர். மாட்டு வண்டிச் சக்கரம் செய்வதில் எங்கள் பக்கத்து ஊர்களில் பெயர் பெற்றவர். குடத்தில் ஆரக்கால் இறக்கி, வட்டை பூட்டி, பட்டா காய்ச்சி ஏற்றினால், பல ஆண்டுகள் அசையாது. டிராக்டரும் டயர் வண்டியும் வந்தபின் அந்தச் சக்கரத்தைக் கேட்பார் இல்லை. இப்போது கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கப் போகிறார். கான்கிரீட் இறுகியதும் பிரித்து எறிந்துவிடும் பலகை. நம் கல்லூரி நூலகத்தில் ஸ்லோக்கத்தின் நூலை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தபோது, வேலையிழந்த அந்த மாலுமியின் முகம் எனக்கு அயல்நாட்டு முகமாகத் தோன்றவில்லை.

1892இல் ஈபன் பியர்ஸ் என்ற பழைய திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் ஸ்லோக்கத்துக்கு ஒரு கப்பல் தருவதாகச் சொன்னார். மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பேர்ஹேவன் ஊருக்குப் போய்ப் பார்த்தால், கடலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மேய்ச்சல் நிலத்தில், முட்டுக் கொடுத்து, கித்தானால் மூடப்பட்டு, ஒரு கிழட்டுப் படகு ஏழாண்டுகளாக மக்கிக்கொண்டிருந்தது. அதுதான் ஸ்பிரே. அது ஒரு வேடிக்கை. ஸ்லோக்கம் சிரித்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை, கோடரியை எடுத்தார். பக்கத்திலிருந்த ஓக் மரத்தை வெட்டி அடிக்கட்டை செய்தார். விலா மரங்களை நீராவியில் வேகவைத்து வளைத்தார். ஒன்றரை அங்குலப் பைன் பலகைகளைப் பக்கங்களில் அறைந்தார். பழைய மரம் ஒன்றை எடுப்பதும் புதிய மரம் ஒன்றை வைப்பதுமாக 13 மாதங்கள் ஓடின. செலவு 553 டாலர் 62 சென்ட். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது, இதனால் வருமானம் வருமா என்பதுதான். முடிந்தபோது படகின் நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம். எந்திரம் கிடையாது.

இந்தப் பகுதியை மட்டும் என் தந்தையாருக்கு வாய்மொழியாகச் சொன்னேன். உலகம் சுற்றியதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வெந்த மரத்தை எத்தனை நாழிகை கட்டிப் போட்டு வைத்தான், ஆறியபின் நிமிர்ந்துகொள்ளாதா என்றுதான் கேட்டார். ஒரு கட்டையின் மேல் வளைத்துப் பிணைத்து, நிலைத்த பிறகே எடுத்தார் என்றேன். அப்படியானால் சரி என்றார்.

1895 ஏப்ரல் 24ஆம் நாள் ஸ்பிரே பாஸ்டன் நகரிலிருந்து புறப்பட்டது. பிறந்த மண்ணைப் பார்த்துவிட்டு, ஜூலை 2ஆம் நாள் நோவா ஸ்கோஷியாவின் யார்மவுத் துறையை விட்டு அட்லாண்டிக் பெருங்கடலில் இறங்கியது. அடுத்த சில நாட்களில் நடந்ததை ஸ்லோக்கம் எழுதியிருக்கும் விதம் என்னை மிகவும் பாதித்தது. மூடுபனி கவிந்தது. படகின் முனைகூடத் தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் அவர் தனியே இருந்தார். புயலில் நடுங்காத மனிதருக்கு அப்போது ஒரு நடுக்கம் வந்தது. வாழ்க்கையில் பழகியவர்கள், இறந்தவர்கள், மறந்துபோனவை என்று எண்ணியவை எல்லாம் ஒவ்வொன்றாக முன்வந்து நின்றன. பேச்சு மறந்துவிடுமோ என்று அஞ்சி, இல்லாத மாலுமிக்கு உரக்கக் கட்டளையிட்டுப் பார்த்தார். தம் குரலே வெறுமையாக ஒலித்தது. அதை விட்டுவிட்டுப் பாடத் தொடங்கினார். பாட்டைக் கேட்டுக் கடலாமைகள் தலை தூக்கிப் பார்த்தன என்று எழுதுகிறார். நாம் சிரிக்கிறோம். பனிக்குள் இருந்தவருக்கு அது சிரிப்பாக இருந்திருக்குமா?

அசோர்ஸ் தீவில் மக்கள் கொடுத்த பிளம் பழத்தையும் வெண்பாலாடைக் கட்டியையும் சேர்த்துத் தின்றதில் வயிற்றுவலி கண்டு, கடலில் அறைத் தரையில் சுருண்டு விழுந்தார். புயலும் வந்தது. கண்விழித்துப் பார்த்தபோது சுக்கானில் ஓர் உயரமான அந்நியன் நின்றான். தான் கொலம்பசின் பின்டா கப்பல் வழிகாட்டி என்றும், படகைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் அவன் சொன்னானாம். மறுநாள் தெளிந்து பார்த்தால் படகு வைத்த திசையிலேயே 90 மைல் போயிருந்தது. பேய் என்று நான் நம்பவில்லை. ஸ்பிரேயின் அமைப்பு அப்படி. நீண்ட அடிக்கட்டையும் பாய்களின் சமநிலையும் பொருந்திவிட்டதால், சுக்கானைக் கட்டிவிட்டால் தானே நேராக ஓடும். ஆயினும் காய்ச்சலில் தவிக்கும் தனி மனிதனின் மனம் தனக்கு வேண்டிய துணையைத் தானே படைத்துக்கொண்டது என்பதை எண்ணும்போது, அறிவியல் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஜிப்ரால்டர் வழியாகக் கிழக்கே சூயஸ் கால்வாய்க்குப் போவதுதான் திட்டம். மத்தியதரைக் கடலில் கொள்ளையர் உண்டு என்று பிரிட்டிஷ் கடற்படையினர் எச்சரித்ததால், வந்த பெருங்கடலையே மறுபடியும் கடந்து மேற்கே போனார். உருகுவே கரையில் படகு மணலேறியது. நங்கூரத்தைச் சிறு தோணியில் எடுத்துப் போகையில் தோணி கவிழ்ந்தது. நீந்தத் தெரியாதவர் கவிழ்ந்த தோணியைப் பற்றிக்கொண்டு, மறுபடி மறுபடி முயன்று, ஒரு துடுப்பால் கரை சேர்ந்தார். பிறகு புவனஸ் அயர்ஸ். அங்கேதான் வர்ஜீனியா அடக்கமாகியிருக்கிறார். அந்நகரத்தில் கண்ட பழைய மனிதர்களையும் கடைகளையும் பற்றியெல்லாம் நகைச்சுவையாக எழுதுகிறார். மனைவியின் கல்லறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நூல் முழுவதிலும் என்னைத் தொட்ட இடம், எழுதப்படாத இந்த இடம்தான்.

1896 தொடக்கத்தில் மெகல்லன் நீரிணை. அங்குள்ள பழங்குடியினர் தாக்குவார்கள் என்று எச்சரித்து, சாம்ப்ளிச் என்ற நண்பர் ஒரு பை நிறையக் கம்பள ஆணிகளைக் கொடுத்தார். ஸ்லோக்கம் அவற்றைக் கூர் மேலாக இருக்கும்படித் தளத்தில் பரப்பிவிட்டு உறங்கினார். நள்ளிரவில் ஏறியவர்கள் வெறுங்காலோடு துள்ளி அலறிக் கடலில் குதித்தனர். இந்நிகழ்ச்சியை எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதே பக்கங்களில், அவ்வூர் ஆளுநர் படையனுப்பி அம்மக்களின் குடியிருப்பை அழிக்கச் செய்ததும் குறிக்கப்பட்டிருக்கிறது. அதையும் படித்தபின் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நீரிணையைக் கடந்து பசிபிக்கில் தலைநீட்டியதும், வடமேற்குப் புயல் ஒன்று அவரைத் தெற்கே கேப் ஹார்ன் முனையை நோக்கி நான்கு நாட்கள் விரட்டியது. இரவில் நாலாபுறமும் வெண்மையாக அலை உடையும் ஓசை. நூற்றுக்கணக்கான பாறைகள் நீருக்குள் மறைந்திருக்கும் இடம் அது. கடலின் பால்வெளி என்பது அதன் பெயர். முன்னர் பீகிள் கப்பலில் சென்ற டார்வினும் அதைக் கண்டு திகைத்திருக்கிறார். விடியும் வரை பாறைக்குப் பாறை படகைத் திருப்பித் திருப்பி ஸ்லோக்கம் அதிலிருந்து வெளியேறினார். தம் வாழ்வின் மிகப்பெரிய கடல் அனுபவம் அதுவே என்கிறார். வெளியேறியதன் பலன்? மறுபடி அதே நீரிணைக்குள் வந்து சேர்ந்ததுதான்! ஏப்ரலில்தான் பசிபிக் அவரை ஏற்றுக்கொண்டது.

அடுத்து ஜுவான் பெர்னாண்டஸ் தீவு. ராபின்சன் குரூசோ கதைக்குத் தூண்டுதலான செல்கிர்க் தனியாக வாழ்ந்த தீவு அது. அங்கிருந்து சமோவா வரை 72 நாட்கள் எந்தத் துறையையும் தொடவில்லை. இந்த 72 நாட்களில், முதலில் மூடுபனியில் அஞ்சிய அதே மனிதரைக் காணோம். வியாபாரக் காற்று சீராக வீசியது. சுக்கான் கட்டப்பட்டிருந்தது. காலையில் சூரியன் பின்னால் எழுந்தது. மாலையில் முன்னால் விழுந்தது. இரவில் தளத்தில் வந்து விழுந்த பறக்கும் மீன்கள் காலை உணவாயின. மற்ற நேரமெல்லாம் படிப்பு. தனிமை போய்விட்டதா, அல்லது அவர் அதனோடு உடன்பாடு செய்துகொண்டாரா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நான் முன்பு சொன்ன காரணம் இங்கேதான் வருகிறது. கடலில் நெட்டாங்கு காண நல்ல கடிகாரம் வேண்டும். பூமி நான்கு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. கடிகாரம் நான்கு நிமிடம் தவறினால் நடுக்கோட்டருகே 60 கடல் மைல் தவறும். குரோனோமீட்டரைச் செப்பனிட 15 டாலர் கேட்டதால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒன்றரை டாலர் தகரக் கடிகாரம் ஒன்றை, முகப்பு உடைந்திருந்ததைக் காட்டி ஒரு டாலருக்கு வாங்கி வந்தவர் அவர். ஆகவே பழைய முறையைக் கையாண்டார். சந்திரன் விண்மீன்களுக்கிடையே மணிக்குச் சுமார் அரைப் பாகை நகர்கிறது. ஒரு குறித்த நேரத்தில் சந்திரனுக்கும் சூரியனுக்கும் உள்ள கோணத்தை அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டால், வானமே கடிகாரமாகிவிடும். ஆனால் கணக்கு மிக நீளமானது. ஆடும் தளத்தில் தனி ஆளாகச் செய்வது எளிதன்று. மார்க்கசாஸ் தீவுகளை நெருங்கும்போது அவர் போட்ட கணக்கு, படகைப் பல நூறு மைல் மேற்கே தள்ளிக் காட்டியது. மறுபடி அளந்தார், அதே விடை. தம் அளவை தவறில்லை என்று உறுதி கொண்டு, அச்சிட்ட அட்டவணையையே சோதித்தார். மடக்கை எண் ஒன்று பிழையாக இருந்தது! அதைத் திருத்திப் போட்டதும் விடை தம் மதிப்பீட்டோடு 5 மைலுக்குள் ஒத்தது. நுக்கு ஹிவா தீவு சொன்ன இடத்தில் எழுந்து நின்றது.

மடக்கை அட்டவணையை வேதவாக்காக நம்புகிறவர்கள் நாம். விடை ஒத்துவரவில்லையென்றால் விடையை அடித்து எழுதுவோம். பள்ளி வாசலை அதிகம் மிதிக்காத ஒருவர் அச்சிட்ட எண்ணை விடத் தம் கண்ணை நம்பினார் என்பதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சமோவாவில் அவரை முதலில் எதிர்கொண்ட பெண்கள், தனியாக வந்தேன் என்றதை நம்பவில்லை. மற்ற ஆட்களை அவர் தின்றுவிட்டதாகவே முடிவு செய்தார்களாம். பிறகு ஆஸ்திரேலியா. அங்கிருந்து இந்துமாக்கடலில் கீலிங் கோகோஸ் தீவு வரை 23 நாட்களில் 2,700 மைல். அதில் சுக்கானைத் தொட்ட நேரம் மொத்தம் மூன்று மணிக்குள். மொரீஷியஸ், டர்பன் என்று தொடர்ந்தது பயணம். பிரிட்டோரியாவில் குடியரசுத் தலைவர் குரூகரைச் சந்தித்தார். பூமி தட்டை என்ற கொள்கையுடைய அவர், உலகைச் சுற்றுவது என்பதே நடவாத காரியம் என்று திருத்தினாராம். செயின்ட் ஹெலினாவில் அன்பளிப்பாகக் கிடைத்த ஆடு ஒன்று, மேற்கிந்தியத் தீவுகளின் கடல் வரைபடத்தைத் தின்றுவிட்டது. ஆட்டை அசென்ஷன் தீவில் இறக்கிவிட்டு, வரைபடமில்லாமலே அவர் அந்தக் கடலுக்குள் போனார். 1898 மே 8ஆம் நாள், தாம் முன்பு போன வழியைக் கடலின் நடுவே குறுக்கே வெட்டியபோது சுற்று முடிந்தது. ஜூன் 27 அதிகாலை ஒரு மணிக்கு நியூபோர்ட் துறையில் நங்கூரம் பாய்ச்சினார். 46,000 மைல்; மூன்று ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள். ஸ்பெயினோடு போர் நடந்துகொண்டிருந்ததால் நாடு அவரைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் இருந்தது. ஜூலை 3ஆம் நாள் பேர்ஹேவனுக்குப் போய், ஸ்பிரேயை முதன்முதல் நீரில் இறக்கியபோது கட்டிய அதே முளையில் கட்டினார்.

1900இல் நூல் வெளிவந்தது. புகழும் ஓரளவு பணமும் வந்தன. மார்த்தாஸ் வினியார்டு தீவில் நிலம் வாங்கிப் பயிரிட்டுப் பார்த்தார். மண் அவரைப் பிடித்து வைக்கவில்லை. 1906இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு சிறுமியிடம் முறைகேடாக நடந்ததாக வழக்கு வந்து, 42 நாட்கள் சிறையில் இருந்தார். புகழ்மாலை தொடுப்பதானால் இதை விட்டுவிடலாம். வாழ்க்கை வரலாறு என்று எழுத உட்கார்ந்தபின் விடக்கூடாது என்று கருதுகிறேன்.

குளிர்காலந்தோறும் ஸ்பிரேயில் தெற்கே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்தார். அவரும் தளர்ந்தார், படகும் தளர்ந்தது. பார்த்தவர்கள் கயிறும் பாயும் பராமரிப்பின்றி இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். 1909 நவம்பரில், 65 வயதில், தென்னமெரிக்காவின் ஒரினோக்கோ ஆற்றுப் பக்கம் போகும் எண்ணத்தோடு வினியார்டு தீவிலிருந்து தனியே பாய் விரித்தார். அதன் பிறகு அவரையோ ஸ்பிரேயையோ பற்றி யாதொரு செய்தியும் இல்லை. பெருங்கப்பல் ஏதேனும் இருளில் மோதியிருக்கலாம் என்பது சிலர் கருத்து. 1924இல் சட்டம் அவரை இறந்தவர் என அறிவித்தது. இறந்த நாளாகக் குறிக்கப்பட்டது, அவர் கரையை விட்டுப் புறப்பட்ட நாள்.